இருபது புள்ளி ஒன்பது

என் வாழ்நாளில் நான் அதிகத் தடவை எழுதிய எண் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: 20.9. காற்றில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் இருக்கிறதோ, அந்த எண். கெமிக்கல் டேங்கர் கப்பலில் ஒரு டேங்கிற்குள் ஆள் இறங்கும் முன் மீட்டரின் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்தில் அளக்க வேண்டும். அளந்ததைப் பெர்மிட் தாளில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். 20.9, 20.9, 20.9. எல்லாம் சரியாக இருந்தால் மூன்று கட்டத்திலும் ஒரே எண்தான் வரும். ஒரே எண்தான் வரும் என்று தெரிந்துவிட்டால் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. மீட்டரைப் பார்க்காமலும் எழுத வரும்.

கப்பல் என்றதும் ஊரில் எல்லாரும் கேட்பது, "கண்டெய்னரா, ஆயிலா?" என்றுதான். தூத்துக்குடிக்காரனுக்கு ரெண்டும் பழக்கம். கெமிக்கல் டேங்கர் என்றால் கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கும். எண்ணெய்க் கப்பல் ஒரே சரக்கை லட்சக்கணக்கான டன்னில் ஏற்றிக்கொண்டு மாதம் ஒரு துறைமுகம் பார்க்கும். எங்கள் கப்பல் அப்படியில்லை. மொத்தமே இருபதாயிரம் டன். ஆனால் இருபத்து நாலு டேங்க், ஒவ்வொன்றுக்கும் தனி பம்ப், தனி பைப். ஒரு டேங்கில் பாமாயில், பக்கத்தில் காஸ்டிக் சோடா, அதற்கடுத்து ஸ்டைரீன், பின்னால் பாஸ்பாரிக் அமிலம். ஒரு மளிகைக்கடையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடலில் மிதக்கவிட்ட மாதிரி. எதை எதன் பக்கத்தில் வைக்கலாம், எதற்குப் பக்கத்தில் சூடு ஆகாது என்பதற்கெல்லாம் தடித்த புத்தகங்கள் உண்டு.

புத்தகம் இருந்தும் நடக்கத்தான் செய்கிறது. 2019 செப்டம்பர் 28 அன்று தென்கொரியாவின் உல்சானில் கட்டியிருந்த 'ஸ்டோல்ட் குரோன்லாண்ட்' என்ற கப்பலில் ஸ்டைரீன் டேங்க் வெடித்தது. தீப்பந்து எழும்பி அங்கிருக்கும் பெரிய பாலத்தைத் தொடுகிற காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்டைரீன் தானாகவே இறுகி பிளாஸ்டிக்காக மாறப் பார்க்கும் திரவம். அப்படி மாறும்போது சூட்டைக் கக்கும், அந்தச் சூடு இன்னும் வேகமாக மாறச் செய்யும். அதைத் தடுக்க ஒரு மருந்து கலந்துதான் ஏற்றுவார்கள். அந்தக் கப்பலில் வேறு டேங்குகளில் சூடாக்கிக் கொண்டுபோன சரக்கின் வெப்பம் மெல்ல மெல்ல ஸ்டைரீனுக்கு ஏறி, மருந்து சீக்கிரம் தீர்ந்துபோயிருக்கிறது. பயணம் நெடுக அந்த டேங்கின் வெப்பநிலையை யாரும் கவனித்து வரவில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. கப்பல்காரர்கள் எல்லாரும் உயிரோடு இறங்கினார்கள். அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, தினசரி வெப்பநிலைப் பதிவில் அந்தக் கட்டங்களில் என்ன எழுதியிருந்தார்கள் என்பதுதான். வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது.

எங்கள் வேலையில் பாதிக்கு மேல் சுத்தம் செய்வது. சரக்கை இறக்கிவிட்டு அடுத்த துறைமுகம் சேர்வதற்குள் டேங்கைக் கழுவி, உலர்த்தி, அடுத்த சரக்குக்குத் தயார் செய்ய வேண்டும். பாமாயிலுக்குப் பிறகு மெத்தனால் ஏற்ற வேண்டுமென்றால், சுழலும் பீரங்கி மாதிரி இருக்கும் மெஷினை வைத்துச் சுடுதண்ணீரால் அடித்து, சோப்பு மருந்து விட்டு மறுபடி அடித்து, உப்புப் போக நல்ல தண்ணீரால் அலசி, நீராவி விட்டு, காற்று ஊதி, கடைசியில் ஆட்கள் இறங்கித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துறைமுகத்தில் சர்வேயர் வருவார். டேங்க் சுவரில் மெத்தனாலை ஊற்றி, வழிவதை ஒரு புனலில் பிடித்துக் கொண்டுபோய்ச் சோதிப்பார். தண்ணீர் கலந்தால் கலங்குகிறதா, இளஞ்சிவப்பு நிறம் எத்தனை நிமிஷம் நிற்கிறது, உப்பு எத்தனை பிபிஎம் என்று பார்ப்பார். இதற்குப் பெயர் வால் வாஷ். தேறாவிட்டால் மறுபடி கழுவ வேண்டும், கப்பல் காத்துக் கிடக்க வேண்டும், காத்திருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் யாரோ ஒருவருக்கு டாலரில் நஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வியர்வையில் உப்பு இருக்கிறது. நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கிற இரும்புப் பெட்டிக்குள் உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு வேலை செய்கிறவன், சுவரில் தன் வியர்வை ஒரு சொட்டுப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் கையால் தொட்டுவிட்டால் அந்த இடம் சோதனையில் காட்டிக் கொடுத்துவிடும். மனுஷன் உள்ளே போய் வந்த தடயமே இருக்கக் கூடாது, ஆனால் மனுஷன் போகாமல் அந்தச் சுத்தம் வராது.

இந்த வேலையில் எங்கள் கப்பலில் கெட்டிக்காரர் ஓர் ஏபி. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். நாற்பத்து நாலு வயசு. பதினாறு வயதில் அப்பாவோடு கட்டுமரத்தில் போனவர், பிறகு துபாயில் டக் போட், பிறகு டேங்கர். எனக்கு அப்போது இருபத்தாறு, தேர்ட் மேட்டாக இரண்டாவது கான்ட்ராக்ட். மற்றவர்கள் முன்னால் "சார்" என்பார். தமிழ் தெரிந்த வேறு ஆள் கப்பலில் இல்லை என்பதால் தனியாக இருக்கும்போது "மக்ளே". நான் "அண்ணே". ராத்திரி வாட்சில் என்கூட பிரிட்ஜில் நிற்கும்போது மீனைப் பற்றியே பேசுவார். எந்த மாசம் எந்த மீன் கரைக்கு வரும், சாளைக்கு எவ்வளவு புளி. கப்பலின் ரேடார் திரையைவிட அலையின் நிறத்தைத்தான் அதிகம் பார்ப்பார்.

ஓய்வு நேரக் கணக்கு என்று ஒன்று உண்டு. கப்பலில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இருபத்து நாலு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். பத்து மணி நேரத்தை இரண்டு துண்டாக மட்டும் பிரிக்கலாம், அதில் ஒன்று ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். இது சர்வதேசச் சட்டம். தினமும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். மீறல் இருந்தால் கட்டம் சிவப்பாகும். சிவப்பு இருந்தால் அலுவலகத்திலிருந்து ஈமெயில் வரும்: ஏன் மீறல், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? ஆள் கூட அனுப்புகிறேன் என்று அந்த ஈமெயில் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் கட்டங்களை நகர்த்திப் பச்சையாக்குவோம். எல்லாருடைய கட்டங்களையும் நிரப்புவது தேர்ட் மேட்டின் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு டேங்க் கழுவிக்கொண்டிருந்தவனை நான் காபினில் தூங்க வைப்பேன். ஒரே சொடுக்கு.

நாங்கள் மட்டும் செய்வது என்று நினைத்திருந்தேன். ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் இருக்கும் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'சரிக்கட்டும் பண்பாடு'. நம்மூரில் சரிக்கட்டுவது என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். உலகம் பூரா அதற்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வு தேவைப்பட்டிருக்கிறது.

2012 ஏப்ரல். மலேசியாவில் ஏற்றிய சரக்கைக் காண்ட்லாவில் இறக்கினோம். ஆறு டேங்கில் பாமாயில். ஏழாம் நம்பர் இரண்டிலும், போர்ட்டிலும் ஸ்டார்போர்டிலும், போலியால். மெத்தைக்கும் கார் சீட்டுக்கும் போடும் ஃபோம் செய்யும் மூலப்பொருள் அது. தேன் மாதிரி கெட்டியாக இருக்கும், பெரிய வாசனை கிடையாது, விஷம் கிடையாது. ஆனால் ஈரம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் டேங்கின் காலி இடத்தில் காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்பிக் கொண்டுவந்தோம். இறக்கும்போதும் நைட்ரஜன் விட்டுக்கொண்டேதான் இறக்கினார்கள். அடுத்து சவுதியின் ஜுபைலில் எட்டு டேங்கிலும் மெத்தனால். நடுவில் மூன்றரை நாள்.

காண்ட்லாவில் கடைசி இரண்டு நாள் யாருக்கும் ஒழுங்கான தூக்கம் இல்லை. இறக்குவது, சாம்பிள், சர்வேயர், கஸ்டம்ஸ், ஏணி வாட்ச். கிளம்பிய மறுநிமிஷம் கழுவ ஆரம்பித்தோம். இரண்டாவது நாள் சாயங்காலம் சீஃப் ஆபீசர் என்னிடம், "எட்டு டேங்குக்கும் பெர்மிட் ரெடி பண்ணி வை, ராத்திரி டைம் கிடைக்காது" என்றார். அவரும் முப்பது மணி நேரமாக முழித்திருந்தார், இதையும் சொல்லிவிட வேண்டும். கப்பலில் இருந்தது இரண்டே மீட்டர். ஒன்றில் பேட்டரி நிற்காது. நான் மற்றதை எடுத்துக்கொண்டுபோய் முன்னால் இருந்த நாலு பாமாயில் டேங்கில் அளந்தேன். எல்லாம் 20.9. வாட்சுக்கு நேரமாகிவிட்டது. மீதி நாலுக்கு உட்கார்ந்து எழுதினேன். ஏழாம் நம்பரில் மத்தியானம் முதல் காற்று ஊதிக்கொண்டிருப்பதாகப் பலகையில் எழுதியிருந்தது. ராத்திரி ஊதி முடித்திருக்கும், ஆள் இறங்கும்போது மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததாகத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பலகை எழுதிய பிறகு, நாலாம் நம்பர் காயவில்லை என்று ஊதும் காற்றை அங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். பலகையை யாரும் அழிக்கவில்லை.

எட்டிலிருந்து பன்னிரண்டு பிரிட்ஜ் வாட்ச். முடிந்து கீழே வந்தால், சீஃப் ஆபீசர் ஒரு மணி நேரம் கண்ணை மூட வேண்டும், நீ கன்ட்ரோல் ரூமில் நில் என்றார். நின்றேன். ஒன்றரை மணி இருக்கும். வாக்கிடாக்கியில் குரல் வந்தது. வாக்கிடாக்கியில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் யார் கேட்கப்போகிறார்கள்.

"மக்ளே, ஏழு போர்ட்டுக்குப் பேப்பர் இருக்கா?"

எதிரே கிளிப்பில் எட்டுத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு போர்ட் என்று போட்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

"இருக்குண்ணே."

பொய் இல்லை. பேப்பர் இருந்தது.

நைட்ரஜனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புகையில் மாட்டினால் இருமல் வரும், அமோனியா என்றால் கண் எரியும், தண்ணீரில் மூழ்கினால் மூச்சு முட்டும். நைட்ரஜனில் ஒன்றுமே ஆகாது. நாம் எப்போதும் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான். உடம்புக்கு மூச்சு முட்டுகிறது என்று தெரிவதே ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போதுதான், ஆக்ஸிஜன் குறையும்போது அல்ல. நைட்ரஜனுக்குள் நின்றாலும் கரியமில வாயு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டேயிருக்கும். ஆகவே திணறல் கிடையாது, பயம் கிடையாது. ஆக்ஸிஜன் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பும். ஐந்தாறுக்குக் கீழே என்றால் சில மூச்சுகள். படியில் கை பிடித்தபடியே ஆள் காணாமல்போவான். ஊர்க் கிணற்றில் தூர் வார இறங்கி, ஒருவர் பின் ஒருவராக விழுந்தவர்களைப் பற்றி நாம் பேப்பரில் படிப்பதும் ஏறக்குறைய இதே கதைதான், வேறு வாயு.

போசன் மேலே ஹாட்சில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் முதல் ஏணி இறங்கி, மூன்று மீட்டர் கீழே இருக்கும் முதல் தட்டில் கால் வைத்து, அடுத்த ஏணிக்குத் திரும்பியவர், களைத்து உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாராம். போசன் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. உடனே காலை உள்ளே விட்டுவிட்டார். பின்னால் நின்ற பம்ப்மேன், ஃபிலிப்பினோ, அவருடைய காலரைப் பிடித்து டெக்கில் இழுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஒரு இழுப்பில்தான் இன்னொரு உயிர் நின்றது. டேங்கில் சாகிறவர்களில் பலபேர் காப்பாற்றப் போனவர்கள்.

நான் அலாரம் அடித்தேன். மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு பம்ப்மேனே இறங்கினார். முதுகில் சிலிண்டரோடு அந்த ஹாட்சுக்குள் நுழைவதே சிரமம், மயங்கிய ஆளை அதன் வழியாக மேலே தூக்குவது அதைவிடச் சிரமம். பயிற்சியில் இதைப் பொம்மையை வைத்துச் செய்வோம். பொம்மை எடை குறைவு. கன்ட்ரோல் ரூம் கடிகாரத்தின்படி மொத்தம் ஏழு நிமிஷம். அந்த நேரங்களை நான்தான் லாக்கில் எழுதினேன், அவை மட்டும் உண்மையான எண்கள். முகம் சாம்பல் நிறம். மூச்சு இருந்தது. ஆக்ஸிஜன் வைத்தோம். பிறகு ஏழு போர்ட்டில் மீட்டரை விட்டுப் பார்த்தேன். ஹாட்ச் வாயில் 17. முதல் தட்டில் 9. அடியில் 3க்குக் கீழே. ஹாட்ச் திறந்திருந்ததால் மேல்மட்டத்தில் கொஞ்சம் காற்று கலந்திருக்கிறது. இன்னும் ஒரு ஏணி இறங்கியிருந்தால் பேச்சே இல்லை.

மறுநாள் காலை ஃபுஜைரா வெளியே படகு வந்து அவரைக் கொண்டுபோனது. கண் திறந்திருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் என்னை என்று தெரிந்து பார்த்த மாதிரி இல்லை.

அன்று மத்தியானம் சீஃப் ஆபீசர் என்னைக் காபினுக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஏழு போர்ட்டின் பெர்மிட் இருந்தது. 20:15 மணி, 20.9, 20.9, 20.9, என் கையெழுத்து, கீழே அவருடையது. "இந்தத் தாள் இருந்தா உன் லைசென்ஸ் போகும், என் லைசென்ஸ் போகும், கேப்டனோடதும் போகும். இல்லைன்னா யாருடையதும் போகாது. அவர் எப்படியும் ஊருக்குப் போறார்" என்றார். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. தூக்கமில்லாத மனுஷன் கணக்குச் சொல்வது போலச் சொன்னார். அவர் கிழிக்கவில்லை. என்னிடம் கொடுத்தார். நான்தான் ஷ்ரெட்டரில் விட்டேன்.

ஜுபைலில் எட்டு டேங்கும் வால் வாஷ் தேறியது. சர்வேயர் கைகுலுக்கிப் பாராட்டினார். கம்பெனியிலிருந்து வந்தவர் இரண்டு நாள் விசாரித்தார். அறிக்கையில் 'மூல காரணம்' என்ற தலைப்புக்குக் கீழே, பெர்மிட் இல்லாத டேங்கிற்குள் சம்பந்தப்பட்ட மாலுமி நடைமுறையை மீறி இறங்கினார் என்று வந்தது. போசன் தனக்குத் தமிழ் தெரியாது, வாக்கிடாக்கியில் என்ன பேசினார்கள் என்று புரியவில்லை என்றார். அது உண்மை. என்னிடம் கேட்டபோது, ஏழுக்குப் பெர்மிட் கொடுக்கவில்லை என்றேன். ஓய்வு நேரக் கணக்கையும் பார்த்தார்கள். சம்பவத்துக்கு முந்தைய இருபத்து நாலு மணி நேரத்தில் அவருக்கு 11 மணி நேர ஓய்வு. எல்லாம் பச்சை.

இரண்டு வருஷம் கழித்துப் பரீட்சைக்குச் சென்னையில் கோர்ஸ் படிக்கும்போதுதான் 'பௌ மரைனர்' பற்றிய அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிக்கையை முழுசாகப் படித்தேன். கெமிக்கல் டேங்கர்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. 2004 பிப்ரவரி 28. நியூயார்க்கில் எம்டிபிஇ என்ற பெட்ரோல் கலவைப் பொருளை இறக்கிவிட்டு, மற்ற டேங்குகளில் எத்தனாலோடு ஹூஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. காலியான 22 டேங்கிலும் வெடிக்கக்கூடிய ஆவி. அத்தனை மூடியையும் திறக்கச் சொல்லி கேப்டன் உத்தரவு. திறந்தார்கள். காற்றைவிடக் கனமான அந்த ஆவி டெக்கில் பரவியது. சாயங்காலம் ஆறு மணி தாண்டி வெடித்தது. ஒன்றரை மணி நேரத்தில், வர்ஜீனியாவுக்குக் கிழக்கே கப்பல் மூழ்கிவிட்டது. 27 பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்று உடல்கள் கிடைத்தன. மற்ற 18 பேர் கிடைக்கவேயில்லை.

கேப்டன் ஆபத்துச் செய்தி அனுப்பாமல், ஆட்களை எண்ணாமல் கப்பலை விட்டதாக அறிக்கை சொல்கிறது. செய்தி அனுப்பியது தேர்ட் மேட். மூத்த அதிகாரிகள் மூவரும் கிரேக்கர்கள், மற்ற 24 பேர் ஃபிலிப்பினோக்கள். ஃபிலிப்பினோ அதிகாரிகள் அதிகாரிகளின் மெஸ்ஸில் சாப்பிடுவதில்லை, அவர்களிடம் பொறுப்பு எதுவும் தரப்பட்டதில்லை என்றுகூட விசாரணைக்காரர்கள் எழுதிவைத்தார்கள். ஒரு வெடிவிபத்து அறிக்கையில் யார் எங்கே சாப்பிட்டார்கள் என்று எழுதியதை முதல் தடவை படித்தபோது விசித்திரமாக இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது, அந்த அறிக்கையிலேயே அதுதான் முக்கியமான வரி என்று பட்டது.

கோர்ஸில் இதைப் பைத்தியக்கார கேப்டனின் கதையாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அந்த 22 மூடியை நடந்துபோய்த் திறந்தவர்கள்தான் கண்ணில் நின்றார்கள். ஒவ்வொரு மூடிக்கும் பல போல்ட்டு. கழற்ற நேரம் ஆகும். அவர்களில் ஒருத்தருக்காவது இது சரியில்லை என்று தெரிந்திருக்கும். எங்கள் கப்பலில் மெஸ் பிரிவினை கிடையாது, சீஃப் ஆபீசர் நல்ல மனுஷன், யாரும் யாரையும் அடிமையாக நடத்தவில்லை. அப்படியிருந்தும் நான் எட்டுத் தாளை நிரப்பினேன். அதனால் எனக்கு அந்த கேப்டனைத் திட்ட அவ்வளவாக வாய் வருவதில்லை.

அதற்குப் பிறகு விதிகள் மாறின. 2015 ஜனவரி முதல் டேங்க் போன்ற மூடிய இடத்திலிருந்து ஆளை மீட்கும் பயிற்சியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். 2016 ஜூலை முதல் கையடக்க வாயு மீட்டர் எல்லாக் கப்பலிலும் கட்டாயம். இப்போது பல கப்பல்களில் இறங்குகிற ஆளே நெஞ்சில் மீட்டர் மாட்டிக்கொண்டுதான் போகிறான், குறைந்தால் கத்தும். அன்றைக்கு அண்ணன் நெஞ்சில் அந்தச் சின்னப் பெட்டி இருந்திருந்தால் முதல் தட்டுக்கு முன்னாலேயே கத்தியிருக்கும். இன்னொரு விதி, 2016 முதல் கட்டப்படும் எட்டாயிரம் டன்னும் அதற்கு மேலும் உள்ள டேங்கர்களில் வெடிக்காமல் இருக்க மந்த வாயு நிரப்பும் வசதி வேண்டும் என்பது. நல்ல விதி. வெடிப்பைத் தடுக்கும். நைட்ரஜன் இருக்கிற டேங்குகளின் எண்ணிக்கையையும் கூட்டும்.

நான் 2016இல் கப்பலை விட்டுக் கரைக்கு வந்தேன். அந்த வருஷம்தான் அவர் வீட்டைத் தேடிப் போனேன். நாகர்கோவிலில் இறங்கி பஸ் மாறி, தேவாலயத்துக்குப் பின்னால் மூன்றாவது சந்து. மைனி வாசலில் நின்று யாரென்று கேட்டார்கள். கப்பலில் கூட இருந்தவன் என்றதும் உள்ளே கூட்டிப்போய்க் கட்டஞ்சாயா கொடுத்தார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கை வேலை பழையபடி ஓடுகிறது, ஆனால் எந்தக் கண்ணியில் நிறுத்தினோம் என்பது மறந்துபோய், பின்னியதையே பிரித்துப் பின்னுகிறார் என்று மைனி மெதுவாகச் சொன்னார்கள். தனியாகக் கடைக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் பாதி வழியில் நின்றுவிடுகிறாராம்.

ஒப்பந்தப்படி 130 நாள் சம்பளம் வந்திருக்கிறது. பிறகு ஒரு தொகை தந்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தவறு அவருடையது என்று அறிக்கை இருப்பதால் இதற்கு மேல் கேட்டால் இதுவும் கிடைக்காது என்று சொன்னார்களாம். அந்தத் தொகை எவ்வளவு என்று மைனி சொன்னார்கள். நான் இங்கே எழுதவில்லை. என் நாலு மாசச் சம்பளம்.

"எனக்கு அந்த ராத்திரி ஒண்ணும் ஓர்மையில்ல மக்ளே" என்றார் அவர். "பேப்பர் இல்லாம எறங்குனேன்னு எழுதியிருக்கான். நான் அப்பிடி எறங்குற ஆளா? நீ கூட இருந்தியா?"

சொன்னேன். நாலு டேங்கில் அளந்தது, எட்டுக்கு எழுதியது, வாக்கிடாக்கியில் இருக்கு என்றது, ஷ்ரெட்டர். சொல்லி முடிக்கும்வரை வலை ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார். மைனி அடுப்படி வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள்தான் முதலில் பேசினார்கள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இத எழுதிக் குடுப்பியளா தம்பி? குடுத்தா எதுனாலும் கெடைக்குமா?"

அங்கேயே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவருடைய பழைய சிடிசி புத்தகம் இருந்த பிளாஸ்டிக் கவரில் மைனி அதை வைத்தார்கள். நாகர்கோவிலில் ஒரு வக்கீல் பார்த்தார். கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியாகிவிட்டது, நாலு வருஷம் ஆகிவிட்டது, கப்பல் கொடி வேறு நாடு, கம்பெனி வேறு நாடு, பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். கிடைத்தது என்று இரண்டு வரி பதில் வந்தது. என் லைசென்ஸை யாரும் கேட்கவில்லை.

இப்போது சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் டேங்கர் பாடம் எடுக்கிறேன். பையன்களுக்கு மீட்டரைக் காட்டி, மூன்று மட்டம், தனித்தனி டேங்க் என்றெல்லாம் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு பையன், கப்பலில் ஒரு கான்ட்ராக்ட் முடித்து வந்தவன், "சார், எட்டு டேங்க், ஒரு மீட்டர், இருபது நிமிஷம்தான் டைம்னா என்ன பண்றது?" என்று கேட்டான். பாடப்புத்தகத்தில் இருக்கும் பதில் வேலையை நிறுத்து என்பது. அதைச் சொன்னேன். அவன் தலையாட்டினான், நான் பரீட்சைக்கான பதிலைச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிளாஸில் பாடத்தை மூடிவைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். ஷ்ரெட்டர் வரைக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று மைனி போன் போட்டு அவரிடம் கொடுப்பார்கள். வருஷா வருஷம் நடக்கும். முதலில் மழை, மீன், பிள்ளை படிப்பு. பிறகு குரலைத் தாழ்த்தி, "மக்ளே, ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கப்பல்ல எனக்கு என்னதான் ஆச்சு? நீ இருந்தியாமே" என்பார். நான் முதலிலிருந்து சொல்வேன். காண்ட்லா, போலியால், நாலு டேங்க், எட்டுத் தாள். ஒவ்வொரு தடவையும் அவர் முதல் தடவை கேட்பதுபோலத்தான் கேட்பார். ஒவ்வொரு தடவையும் "நீயா எழுதுன?" என்பார். ஆமாண்ணே என்பேன். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது.

போன டிசம்பரில் அந்த மௌனத்துக்குப் பிறகு, "ஆமா, அந்தப் போலியால்னா என்னது?" என்று கேட்டார்.

"மெத்தைக்குப் போடுறதுண்ணே. ஃபோம்."

"மெத்தையா?" என்றார். "இங்க கட்டில்ல கெடக்குல்லா, அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"செரி" என்று போனை மைனியிடம் கொடுத்துவிட்டார்.